களத்துக்குத் தொண்ணூற்றாறு மார்க்கு

அன்று களத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், கீழேயிருந்து மலையேறி வந்த ஸ்கவுட் சார், அவருடைய பதினோரு மாணவர்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. இல்லாதவர் ஒரே ஒருவர், எங்கள் பள்ளி வாத்தியார். ஏற்பாடு முழுவதையும் தொடங்கி வைத்தவரே அவர்தான். ஆனால் அரையாண்டு விடுமுறை விட்ட அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம் ஊருக்கு இறங்கிப் போய்விட்டார். அதனால் அந்த மூன்று நாள் பெருமையில் அவருக்குப் பங்கு கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

எங்கள் ஊர் அரியூர் நாட்டில் இருக்கிறது. அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. கீழே போவதென்றால் விடிவதற்கு முன் புறப்பட்டு, காரவள்ளி வழியாகக் கால் முட்டி கழன்றுவிடும்படி இறங்க வேண்டும். ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், ஒரு வாத்தியார். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பென்சில் பிடித்த முதல் கை என்னுடையது. அதற்கு மேல் முதல் பாரம், அதாவது ஆறாவது, படிக்க வேண்டுமானால் கீழே இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். சேர்ந்தால் தங்குவதற்கு ஹாஸ்டலில் இடம் வேண்டும். மலைப் பிள்ளைகளுக்கு அங்கே ஓரிரண்டு இடங்கள்தான். அந்த இடம் கிடைக்காவிட்டால் நான் ஐந்தாவதோடு நின்று, மாட்டின் பின்னால் போக வேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், மாட்டுக்குங்கூடத் தெரிந்திருக்கும்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வாத்தியார் என்னை மேசைக்குக் கூப்பிட்டு ஒரு கார்டைக் காட்டினார். அந்த உயர்நிலைப் பள்ளியின் ஸ்கவுட் சார் எழுதியது. விடுமுறையில் தம் மாணவர்களை மலைக்கு அழைத்துவந்து மூன்று இரவுகள் கூடாரம் போட்டுத் தங்கி, அருவிக்கும் கோயிலுக்கும் நடந்து போய்வர விரும்புகிறார். அதற்கு நல்ல இடம் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். இடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்று, இரண்டு என எண் போட்டு ஐந்து நிபந்தனைகள் எழுதியிருந்தார்: சமதரை, பக்கத்தில் தண்ணீர், எளிதில் கிடைக்கும் விறகு, மிருக பயம் இல்லாமை, நடைவழிக்கு அருகாமை.

வாத்தியார் கீழ்நாட்டுக்காரர். மலையில் பள்ளியையும் தம் அறையையும் தவிர வேறு எங்கும் கால் வைக்க மாட்டார். அட்டை ஏறிவிடும் என்று பயம். அதனால் இடம் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

"ஹாஸ்டலும் அந்த சார் பொறுப்புலதான் இருக்கு. நல்ல இடமாப் பாத்துக் குடுத்தா உன்னை மறக்கமாட்டார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோசமான இடமாக் குடுத்தாலும் மறக்கமாட்டார்" என்றார்.

நான்கு வாரம், சனியும் ஞாயிறும், நான் இடம் பார்த்தேன். புதிதாக ஒரு நோட்டில் கட்டம் கட்டி, ஐந்து நிபந்தனைகளுக்கும் தலைக்கு இருபது மார்க்கு என்று பிரித்துக்கொண்டேன். எனக்கு மார்க்கு போட்டுத்தான் பழக்கப்பட்டிருந்தார்களே தவிர, நான் யாருக்கும் போட்டதில்லை. அந்த ருசி முதல் நாளே பிடித்துவிட்டது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, ஒரு பாறையை மேலும் கீழும் பார்த்துவிட்டு "பதினொன்று" என்று எழுதுவேன். விறகு பொறுக்கப் போகும் அக்கா எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நின்று, "மணியக்காரரு வாராரு, எல்லாரும் கும்பிட்டுக்கங்க" என்பாள். பின்னால் யாருமே இருக்க மாட்டார்கள்.

ஆற்றோரத்தில் மணல் திட்டு ஒன்று இருந்தது. தண்ணீருக்கு இருபதுக்கு இருபது. ஆனால் கரையில் கரடி பழம் தின்றுவிட்டுப் போட்டிருந்த கழிவு கிடந்தது. மிருக பயத்தில் இரண்டு மார்க்குதான் கொடுத்தேன். ஊருக்கு மேலே மொட்டைப் பாறையில் ஏறினால் கீழ்நாடு முழுவதும் தெரியும், நாமக்கல் பாறை கவிழ்த்த கூடை மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான். அழகுக்கு சாரின் பட்டியலில் இடமில்லை, தண்ணீருக்கோ அரை மணி இறங்க வேண்டும். அங்கே பூஜ்யம் போட்டபோது மனசு கஷ்டப்பட்டது. கோயில் சோலையில் தரை, தண்ணீர் இரண்டும் உண்டு. ஆனால் அங்கே செருப்பு போடக்கூடாது, உதிர்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக்கூடாது. விறகுக்குப் பூஜ்யம். உள்ளே நின்று மார்க்கு போடப் பயமாக இருந்ததால் வெளியே வந்து போட்டேன்.

மற்றபடி மலையில் சமதரை என்று இருந்தால் அது யாருடைய காடாகவோ, வயலாகவோதான் இருக்கும். மார்கழியில் அதில் சாமையோ ராகியோ குச்சிக்கிழங்கோ நின்றுகொண்டிருக்கும். பயிர் இல்லாத தரை எல்லாம் சரிவு, அல்லது கல்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை பசியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தபோதுதான் எங்கள் களம் கண்ணில் பட்டது. தினம் பத்துத் தடவை கடந்து போகிற களம். வீட்டுக்கு மேற்கே மேட்டின் மேல், தட்டிப் போட்ட தட்டு மாதிரி வட்டமாக, சாணி போட்டு மெழுகி, எறும்பு போனால் தெரியும்படி இருந்தது. அறுப்புக்காக அம்மாவும் அக்காவும் அப்போதுதான் மெழுகி முடித்திருந்தார்கள். சமதரைக்கு இருபது. ஊருக்குள்ளேயே இருப்பதால் மிருக பயம் இல்லை, இருபது. எங்கள் வீட்டு விறகு அடுக்கு பக்கத்தில், இருபது. நடைவழி களத்தை ஒட்டியே போகிறது, இருபது. ஊற்று மட்டும் நூறு எட்டு வைக்கிற தூரத்தில் இருந்ததால் நேர்மையாக நான்கு மார்க்கு குறைத்தேன். மொத்தம் தொண்ணூற்றாறு. அது எங்கள் களம் என்பதற்காக நான் ஒரு மார்க்குகூடக் கூட்டிப் போடவில்லை என்பதை இன்றைக்கும் சொல்வேன்.

களத்தில் தங்குகிறவர்கள் செருப்புப் போடக்கூடாது என்ற ஒரு குறிப்பையும் சேர்த்து, கோடு போட்ட தாளில் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் படித்துப் பார்த்து, ஒரே ஒரு சந்திப் பிழையைத் திருத்தி அனுப்பிவைத்தார். வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. பதில் வந்த பிறகு சொன்னால் கனமாக இருக்கும் என்று வைத்திருந்தேன்.

பதில், விடுமுறை விட்ட அன்று வந்தது. கார்டின் மூலையில் ஊதா நிறத்தில் பள்ளியின் முத்திரை. அதை என்னிடமே கொடுத்துவிட்டு வாத்தியார் ஊருக்குப் போய்விட்டார். சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். அம்மா அடுப்பருகில் இருந்தாள். நான் நின்றுகொண்டு, பள்ளியில் பாடம் படிக்கிற குரலில் படித்தேன். தங்கள் மாணவன் தேர்ந்தெடுத்த இடம் எல்லா வகையிலும் பொருத்தமாக இருப்பதாகத் தெரிகிறது. வரும் வெள்ளிக்கிழமை நண்பகல் அந்தக் களத்துக்கு வந்து சேருவோம். அப்படித்தான் இருந்தது. 'தேர்ந்தெடுத்த' என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன்.

அப்பாவின் கத்தி நின்றது.

"களத்துலயா, சாமி?"

"ஆமாங்கப்பா. தொண்ணூத்தாறு மார்க்கு."

"எழுதி அனுப்பியாச்சா?"

"அனுப்பி, பதிலே வந்திருச்சுங்களே. இங்க பாருங்க, முத்திரை."

அவர் மூங்கில் தூசியைத் துடைத்துவிட்டு, கார்டை இரண்டு கையாலும் வாங்கி, முத்திரையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. முத்திரை என்றால் என்னவென்று தெரியும். வாத்தியார் எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து களத்துக்குப் போனார். ஓரத்தில் கிடந்த உமியை ஒரு கை அள்ளித் தலைக்கு மேல் தூக்கி மெதுவாக விட்டார். அது நேராக விழவில்லை. நாலைந்து எட்டு தள்ளிப் போய்க் கல்லுக்கட்டுக்கு அப்பால் விழுந்தது. களம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறார், என் விருந்தாளிகளுக்காகப் பெருக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள்.

"காத்துக்குன்னே போட்ட களமுங்க அது. சாமை தூத்தற எடத்துல துணியில ஊடு கட்டுனா நிக்குங்களா? சொன்னாப் பையன் புரிஞ்சுக்குவான். மாத்தி எழுதச் சொல்லுங்க."

"முத்திரை வெச்சாச்சு" என்றார் அப்பா. "இனி மாத்தி எழுதுனா இவன் சொல்லு நிக்காதுன்னு அந்த சாருக்குத் தோணிப் போகும். அவன் எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கூடாரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு இரும்பு முளை உண்டு, கயிறு உண்டு, படித்தவர்கள் செய்தது. போதாததற்குக் காற்று என்பது சாரின் ஐந்து நிபந்தனைகளில் இல்லவே இல்லை. களத்தை ஏன் மேட்டில் போடுகிறார்கள் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததைப் பட்டியலில் கேட்காததால் நான் எழுதவில்லை. அப்பா சொன்னதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். என் எழுத்தை மாற்றக்கூடாது என்று என் அப்பாவே சொல்லிவிட்டார். அன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா அரிவாளோடு களத்துக்குக் கீழே இருந்த எங்கள் காட்டில் இறங்கினார். மேடு முதுகு கொடுத்து மறைக்கிற, வடக்கே இரண்டு பலா மரங்கள் நிற்கிற துண்டு அது. பெருஞ்சாமை போட்டிருந்தது. கதிர் வெளியே வந்து தலை சாய்ந்திருந்ததே தவிர இன்னும் பச்சை மாறவில்லை. அறுக்கப் பதினைந்து, இருபது நாள் போக வேண்டும். அதை அவர் அறுக்கத் தொடங்கினார். முதல் நாள் அம்மா போகவில்லை. வீட்டுக்குள் பாத்திரங்களைச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவளும் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். அக்காவும் போனாள். எனக்கு அரிவாள் கொடுக்கவில்லை. கைவிரலை வெட்டிக்கொண்டால் எழுதுவது எப்படி என்று அம்மா சொன்னாள்.

வழியில் போன பக்கத்துக் காட்டுக்காரர் நின்று பார்த்தார். "ஏனுங்க மச்சா, இன்னும் பாலே காயலியே. அத்தனை பசியா?" என்று கேட்டார்.

"மாட்டுக்குத் தட்டு பத்தலீங்க" என்றார் அப்பா, நிமிராமலே.

"மாடு குடுத்து வெச்ச மாடுதான்."

எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாளில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு சார் வரப்போகிறார், இந்த நேரம் பார்த்து என் அப்பா ஊர் சிரிக்கும்படி பச்சைச் சாமையை மாட்டுக்கு அறுக்கிறார். அதுவும் அறுத்தோமா, கட்டினோமா என்று இல்லை. கதிரை மட்டும் கொய்து கூடையில் போட்டுக்கொண்டு, தாளை அப்படியே காட்டில் பரப்பிவிட்டார். அடிக்கட்டைகளை மண்வெட்டியால் சுரண்டி எடுத்தார். கல் பொறுக்கினார். மாட்டுத் தீனிக்கென்று அறுத்த தட்டை மாட்டுக்குப் போடாமல் காட்டிலேயே காயவிடுகிற ஆளைப் பற்றி நான் என்ன நினைப்பது. அந்த நேரத்தில் களத்தின் ஓரம் சுண்ணாம்பு வாங்கி ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கேட்டேன். "ஆகட்டும் கண்ணு" என்றார். போடவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல் அவர்கள் வந்தார்கள். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் துண்டு, முதுகில் மூட்டை. ஸ்கவுட் சார் ஒல்லியாக, உயரமாக, விசிலோடு இருந்தார். நான் முன்னால் போய் நின்று களத்தின் விளிம்பில் அவர்களை நிறுத்தி, எல்லோரும் செருப்பையும் பூட்ஸையும் கழற்ற வேண்டும் என்றேன். சார் முதலில் கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்துப் பதினொரு பேரும் கழற்றினார்கள். களத்து ஓரத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஜோடி. ஊர்ப் பிள்ளைகள் கூடாரத்தை விட்டுவிட்டு அதைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளியே வெறுங்காலோடு நின்றதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

செருப்பை யோசித்த எனக்கு முளையை யோசிக்கத் தெரியவில்லை. நான்கு கூடாரம், ஒவ்வொன்றுக்கும் எட்டு முளை. மெழுகிய களத்தில் சுத்தியல் விழ விழ, மண் பெயர்ந்து ஓட்டை ஓட்டையாக வெடித்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா கைகட்டி நின்று ஒவ்வொரு முளையும் இறங்குவதைப் பார்த்தார். ஒவ்வோர் அடிக்கும் அவர் கண் சிமிட்டியது.

பொழுது மேற்கே சாயச் சாயக் காற்று எழுந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மார்கழியில் தினமும் அந்த நேரத்துக்கு எழுகிற காற்றுதான். சாமையையும் ராகியையும் அந்த நேரத்தில்தான் தூற்றுவோம். முதலில் கூடாரத் துணி மூச்சு விடுவது மாதிரி உப்பியது. பிறகு ஒரு முளை. பிறகு வரிசையாக நான்கு. முதல் கூடாரம் எழுந்து, ஒரு நிமிஷம் களத்துக்கு மேல் கோழி போல நின்று, கல்லுக்கட்டைத் தாண்டிப் போய்ப் பலா மரத்தில் விழுந்தது. இரண்டாவது கூடாரம் அதற்குள் இருந்த பையனோடு சுருண்டது. உலையில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றில் சாம்பல். சாரின் தொப்பியைத் துரத்திக்கொண்டு மூன்று பேர் ஓடினார்கள். சார் விசிலை ஊதினார். காற்றில் விசில் சத்தம்கூட வேறு பக்கம் போனது.

நான் நடுக்களத்தில் நின்றேன். என் கையில் நோட்டு இருந்தது. பக்கம் பக்கமாகப் புரண்டது. ஹாஸ்டலும் முதல் பாரமும் அந்தக் கூடாரத்தோடு பறந்து போய் மரத்தில் தொங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். சார் என்னை நோக்கித் திரும்பினார். திட்டப் போகிறார் என்று தெரிந்தது. திட்டாமல் வெறுமனே பார்த்தார். அது அதைவிட மோசமாக இருந்தது.

அப்போது அப்பா என் பின்னால் வந்து நின்றார். என்னைத் திருப்பவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"கீழ மறைவுல இன்னொரு எடம் பாத்து வெச்சிருக்குதுன்னு சொல்லு, சாமி. நீயே சொல்லு. நான் சொல்லப்புடாது."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சார் நம்பாமல்தான் பின்னால் வந்தார். மேட்டிலிருந்து இருபது எட்டு இறங்கியதும் காற்று நின்றது. அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது. தலைக்கு மேல் பலா இலைகள் பேய் பிடித்தது போல ஆடிக்கொண்டிருக்க, கீழே ஒரு புல் அசையவில்லை. நாலு கூடாரமும் அடுப்பும் போட இடம் சரியாக இருந்தது. தரை கல்லில்லாமல், கட்டையில்லாமல் இருந்தது; காய்ந்தும் காயாததுமான சாமைத் தாள் கணுக்கால் உயரத்துக்குப் பரவிக் கிடந்தது. சார் குனிந்து கையால் அழுத்திப் பார்த்தார்.

"மெத்தை மாதிரி இருக்கே" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

பொழுது விழுவதற்குள் கூடாரங்கள் எழுந்தன. முளை அடிக்கும்போது மண் வெடிக்கவில்லை. ஒரு வாழைத்தாரை அறுத்துக்கொண்டு வந்து அப்பா கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டே சார் அவரிடம் கேட்டார், இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், எப்படித் தெரிந்தது என்று.

"அறுப்பு முடிஞ்சு காத்தடிச்சா எங்க மாடுவ இங்கதானுங்க வந்து படுக்கும்" என்றார் அப்பா. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். "உன் கடிதத்தில் இதைப் பற்றி எழுதவில்லையே?"

எனக்குப் பதினோரு வயது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. "நானேதான் சார் பாத்து வெச்சேன்" என்றேன். "முதல் இடத்துல ஏதாவது ஆச்சுன்னா வேணுமேன்னு."

சொன்ன பிறகுதான் அப்பா அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது. சார் அவரைப் பார்த்தார்.

"ஆமாங்க சாரு" என்றார் அப்பா. "அவந்தாங்க பாத்தான். நான் வேண்டாமுன்னுங்கூடச் சொன்னனுங்க."

நான் அசந்து போனேன். அப்பா உண்மையிலேயே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஞாபகம் அப்படித்தான் இருக்கும் போல என்று அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

மற்ற இரண்டு நாட்களும் நான் நடந்த நடையைப் பற்றி எழுதினால் அது வேறு கதை. அருவிக்கு இறங்குகிற தடத்தில் முன்னால் நான், எனக்குப் பின்னால் சார், அவருக்குப் பின்னால் என்னைவிடத் தலை உயரமான பதினொரு பேர். எங்கே கால் வைக்க வேண்டும், எந்த வேரைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்டார்கள். அட்டை கடித்தால் புகையிலைச் சாறு தடவச் சொன்னேன். அருவியின் இரைச்சலில் சார் என் காதருகே குனிந்து, இப்படிப்பட்ட பையன் தம் ஸ்கவுட்டுகளில் ஒருவன்கூட இல்லை என்றார். கோயிலுக்குப் போகும் வழியில் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மொட்டைப் பாறைக்கு நான் போட்ட பூஜ்யத்தைப் பார்த்துச் சிரித்து, அழகுக்கும் ஒரு பத்து மார்க்கு வைத்திருக்கலாம் என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவர்கள் புறப்பட்டார்கள். சார் தம் டயரியை எடுத்து என் பெயரையும், ஊரையும், படிக்கிற வகுப்பையும் எழுதிக்கொண்டார். அப்பாவின் பெயரைக் கேட்டு அதையும் எழுதினார். தம் பெயர் தாளில் ஏறுவதை அப்பா எட்டிப் பார்த்தார். வைகாசி கடைசியில் முத்திரை போட்ட இன்னொரு கார்டு வந்தது. ஆனியில், தலையில் தகரப் பெட்டியோடு அப்பா முன்னால் நடக்க, நான் காரவள்ளிக்கு இறங்கினேன். அரியூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து முதல் பாரம் படிக்கப் போன முதல் ஆள் நான். ஊற்றடியில் நின்றிருந்தவர்கள் எல்லோரிடமும் அப்பா தாமாகவே நின்று, நின்று சொன்னார். கூடாரம் போட இடம் பார்த்துக் கொடுத்ததால் கிடைத்தது என்றார். "ஒரு முளை, ஒத்த முளை புடுங்குச்சா கேளுங்க" என்றார்.

அந்தக் களத்து ஓட்டைகளை அடைத்து, திரும்பச் சாணி மெழுக அம்மாவுக்கும் அக்காவுக்கும் நாலு நாள் ஆனது. அதற்குப் பிறகு அதில் தூற்ற எங்களுக்கு அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. ராகி மட்டும்தான். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் வீட்டில் காலையிலும் மாலையிலும் குச்சிக்கிழங்கு அவித்தார்கள். எனக்குக் குச்சிக்கிழங்கு என்றால் உயிர். ஹாஸ்டலுக்குப் போகப் போகிற பிள்ளை, அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று அம்மா எனக்காகவே அவிக்கிறாள் என்று நினைத்து, தினமும் ஆசையாகச் சாப்பிட்டேன். அவர்கள் ஏன் என்னைப் போல ஆசையாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. சாமைச் சோறு என்னவாயிற்று என்று கேட்கவும் தோன்றவில்லை.

மூன்றாம் பாரம் படிக்கும்போது பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன். அந்த வருஷம்தான் முதன்முதலாக என் கையில் அரிவாள் கொடுத்தார்கள். அதே துண்டில் சாமை பழுத்து, வைக்கோல் நிறத்தில் நின்றது. அறுத்து, மாடு கட்டி மிதித்து, சாயங்காலக் காற்றில் தூற்றி, நானே உட்கார்ந்து அளந்தேன். வள்ளத்துக்கு நான்கு படி. இருபத்திரண்டு வள்ளம் கண்டது. இந்தத் துண்டு எப்போதும் இவ்வளவு கொடுக்குமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் முறத்தை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"எப்பவும் இதுதான் சாமி. நீ அந்த சாருக்கு எடம் பாத்துக் குடுத்த வருசந்தான் அஞ்சு. அஞ்சும் மணி புடிக்காத சாவி கலந்தது."

உயர்நிலைப் பள்ளியில் இரண்டரை வருஷம் கணக்குப் படித்திருந்தேன். கழித்துப் பார்க்க நேரம் ஆகவில்லை. பதினேழு வள்ளம்.